அனுமதி யார் பெயரில்? – ஓமந்தூர் சாலை முதல் எச்-1பி வரை

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போகிறவர்கள் வழியில் ஓமந்தூரைப் பார்த்திருப்பார்கள். ஊர் சிறியதுதான், ஆனால் பெயர் பெரியது. 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிறந்த ஊர் இது. சென்னையில் அண்ணா சாலை அருகே இருக்கும் ஓமந்தூரார் அரசினர் தோட்டமும் இவர் பெயரில் அமைந்ததுதான்.

இந்தச் சாலைக்கு இன்னொரு பழைய வரலாறும் உண்டு. இது ஒரு துறைமுகத்துக்குப் போகும் சாலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாற்காடு மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து புதுச்சேரிக்குப் போய்க் கப்பல் ஏறியவர்கள் ஏராளம். இன்று அதே மாவட்டத்துப் பிள்ளைகள் இன்ஜினியரிங் முடித்துவிட்டு சென்னைக்குப் போய் விமானம் ஏறுகிறார்கள். அன்று கையில் கூலி ஒப்பந்தம் இருந்தது. இன்று பாஸ்போர்ட்டில் எச்-1பி போன்ற ஒரு விசா இருக்கிறது.

இரண்டும் ஒன்றல்ல. கரும்புத் தோட்டத்துக் கூலியையும் கம்ப்யூட்டர் முன் உட்காரும் இன்ஜினியரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயம் இல்லை. ஆனால் நூற்றைம்பது வருடங்களாக மாறாத கேள்வி ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் தங்குவதற்கான அனுமதி யார் பெயரில் இருக்கிறது? வேலை செய்பவர் பெயரிலா, வேலை கொடுப்பவர் பெயரிலா? சம்பளம் எவ்வளவு என்பதைவிட இந்தக் கேள்விக்கான பதில்தான் போனவர்களின் வாழ்க்கையைப் பெரும்பாலும் தீர்மானித்திருக்கிறது.

புதுச்சேரியிலிருந்து கிளம்பிய கப்பல்கள்

பிரெஞ்சுக் காலனிகளில் 1848-ல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரர்களிடம் இந்தியாவில் புதுச்சேரியும் காரைக்காலும் இருந்தன. 1853 மே மாதம் ‘ஒரேலி’ என்ற கப்பல் இந்தியத் தொழிலாளர்களோடு மார்த்தினிக் தீவை அடைந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப் தீவுக்கும் ஆட்களைக் கொண்டுபோனது. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவுக்கு இதற்கு முன்பிருந்தே ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

புதுச்சேரி என்பது ஒரே துண்டு நிலம் அல்ல. பிரெஞ்சுக் கிராமங்களும் ஆங்கிலேயக் கிராமங்களும் மாறி மாறிக் கிடந்தன. அவ்வளவு சிறிய பகுதியிலிருந்து தேவையான ஆட்களைத் திரட்ட முடியாது. அதனால் மேஸ்திரிகள் எல்லை தாண்டி ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த மாவட்டங்களுக்குள் வந்து ஆள் பிடித்தார்கள். இது பற்றி இரண்டு அரசுகளுக்கும் தகராறு வந்து, கடைசியில் 1860-ல் ரீயூனியனுக்கும் 1861-ல் மற்றக் காலனிகளுக்குமாக உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. இதன்படி ஆங்கிலேய இந்தியாவின் குடிமக்களைப் பிரெஞ்சுக் காலனிகளுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் கொண்டுபோகலாம்.

குவாதலூப்புக்கு 40,000-க்கும் மேற்பட்டவர்களும், மார்த்தினிக்குக்கு 25,000-க்கும் மேற்பட்டவர்களும் போனார்கள். அங்கே ஒவ்வொரு தொழிலாளியும் ‘லிவ்ரே’ என்ற வேலைப் புத்தகத்தை வைத்திருக்க வேண்டும். எந்த முதலாளியிடம் வேலை பார்க்கிறார் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். முதலாளி இல்லாமல் வெளியே திரிந்தால் நாடோடிக் குற்றம். அதாவது, அந்தத் தீவில் அவர் இருப்பதற்கான ஒரே காரணம் ஒரு முதலாளியிடம் வேலை பார்ப்பதுதான். வேலை இல்லை என்றால் இருப்பே குற்றம்.

தொழிலாளர்கள் நடத்தப்பட்ட விதம் பற்றிப் புகார்கள் குவிந்ததால் ஆங்கிலேய அரசு 1882-ல் ரீயூனியனுக்கும், 1888-ல் குவாதலூப்புக்கும் ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

பாலசுந்தரத்தின் ‘டிரான்ஸ்ஃபர்’

ஆங்கிலேயக் காலனிகளிலும் இதே கதைதான். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் நவம்பர் 16-ஆம் தேதி டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டால் காலனிக்கு 1,52,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தத்தில் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். வடாற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள் அதில் நிறைய. தொடக்கக் கூலி மாதம் 10 ஷில்லிங். ‘அக்ரிமென்ட்’ என்ற சொல் வாயில் தேய்ந்து ‘கிர்மிட்’ ஆனது.

எல்லோரும் கரும்பு வெட்டப் போனவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ‘ஸ்பெஷல் சர்வன்ட்ஸ்’ என்று ஒரு தனிப் பிரிவு இருந்தது. சமையல்காரர், பரிமாறுபவர், போலீஸ்காரர், மருத்துவமனை ஊழியர் போன்றவர்களைக் கூடுதல் சம்பளத்துக்குத் தேர்ந்தெடுத்து எடுத்தார்கள். இன்றைய மொழியில் சொன்னால் ‘ஸ்கில்டு’ ஆட்கள். ஆனால் திறமை கூடியதால் சம்பளம்தான் கூடியது. ஒப்பந்தத்தின் பிடி அப்படியே இருந்தது.

அந்தப் பிடி எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு தமிழரின் கதையே போதும். 1894-ல் டர்பனில் வக்கீல் தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த காந்தியிடம், கிழிந்த உடையோடு, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் அழுதபடி வந்து நின்றார். முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. பெயர் பாலசுந்தரம். முதலாளி அடித்திருக்கிறார். காந்தியிடம் வேலை பார்த்த தமிழ் குமாஸ்தாதான் அவர் சொன்னதை மொழிபெயர்த்தார்.

சாதாரண வேலைக்காரர் ஒருவர் முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை விட்டால் முதலாளி சிவில் வழக்குப் போடலாம், அவ்வளவுதான். ஒப்பந்தக் கூலி வேலையை விட்டால் அது கிரிமினல் குற்றம், சிறை உண்டு. காந்தி டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி, மாஜிஸ்திரேட்டிடம் முறையிட்டு, வழக்கை நடத்தினார். அவரால் வாங்க முடிந்த தீர்வு என்ன? பாலசுந்தரத்துக்கு விடுதலை அல்ல. அவருடைய ஒப்பந்தம் வேறொரு முதலாளிக்கு மாற்றப்பட்டது. அந்தப் புதிய முதலாளியும் ஐரோப்பியராகவே இருக்க வேண்டும் என்பது சட்டம். காந்தியே தேடிப்போய் அப்படி ஒருவரைக் கண்டுபிடித்தார்.

நூறு வருடங்களுக்குப் பிறகு அமெரிக்காவில் இருக்கும் தமிழ் இளைஞர்கள் தினமும் பேசும் ‘விசா டிரான்ஸ்ஃபர்’ என்ற சொல்லை இங்கே நினைத்துப் பார்க்கலாம். கொடுமையும் தண்டனையும் இன்று இல்லை. ஆனால் ஒரு முதலாளியிடமிருந்து தப்பிக்க இன்னொரு முதலாளி வேண்டும் என்ற விதி இருக்கிறது.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் பிரச்சினை தீரவில்லை. ஐந்து வருடம் உழைத்தவர் அங்கேயே சுதந்திரமாகத் தங்கிவிடக் கூடாது என்பதற்காக நேட்டால் அரசு 1895-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மூன்று வழிகள்தான். ஊருக்குத் திரும்பு, அல்லது மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, அல்லது வருடத்துக்கு 3 பவுண்டு வரி கட்டு. மாதம் 10 ஷில்லிங் கணக்கில் 3 பவுண்டு என்பது ஆறு மாதக் கூலி. இந்த வரியை எதிர்த்துத்தான் 1913-ல் நிலக்கரிச் சுரங்கத்திலும் தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிறை சென்று திரும்பிய தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தார். அதே வருடம் வரி ஒழிந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1917-ல் நிறுத்தப்பட்டு 1920-ல் முழுமையாக முடிவுக்கு வந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம்

இப்போது ஓமந்தூர் சாலைக்கே திரும்பலாம். அதன் ஒரு முனை ஆங்கிலேயர் கையில், மறுமுனை பிரெஞ்சுக்காரர் கையில். எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்தவருக்குக் கிடைத்தது ஒப்பந்தம். அந்தப் பக்கம் பிறந்த சிலருக்கு வேறொரு வழி திறந்தது.

1881 செப்டம்பர் 21-ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பிரெஞ்சு இந்தியாவில் இருப்பவர் தம்முடைய சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கலாம். ஒரு குடும்பப் பெயரையும் சூட்டிக்கொள்ள வேண்டும். இப்படிச் செய்தவர்களை ‘ரெனோன்சான்’, அதாவது துறந்தவர்கள் என்று அழைத்தார்கள். இந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றவர் புதுச்சேரி வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை. ஐரோப்பியர் போல ஷூ அணிந்து நீதிமன்றத்துக்கு வந்ததற்காக 1873-ல் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தவர் அவர். துறந்தவர்களில் தலித்துகளும் கிறிஸ்தவர்களும் அதிகம் இருந்தார்கள்.

இவர்களில் பலர் பிரெஞ்சு இந்தோசீனாவுக்கு, குறிப்பாக சைகோனுக்குப் போனார்கள். போலீஸ், சுங்கம், வரி வசூல், கலங்கரை விளக்கம், அலுவலக குமாஸ்தா என்று அரசு வேலைகள் பார்த்தார்கள். அதுவும் வெளிநாட்டு வேலைதான், படிப்பும் பிரெஞ்சு மொழியும் தேவைப்பட்ட வேலை. ஆனால் ஒரு வித்தியாசம். அவர்கள் அங்கே இருப்பதற்கான உரிமை வேலையிலிருந்து வரவில்லை, அவர்களுடைய குடியுரிமையிலிருந்து வந்தது. அதனால் ஐரோப்பியருக்குச் சமமான நிலை வேண்டும் என்று வாதாட முடிந்தது. வாக்குரிமை கேட்க முடிந்தது. வேலை போனாலும் அவர் பிரெஞ்சுக் குடிமகன்தான்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. பரம்பரையாக வந்த வழக்கத்தைத் துறக்க வேண்டும், பெயரை மாற்ற வேண்டும், உறவுகளின் ஏச்சைக் கேட்க வேண்டும். வியட்நாமியர்களின் பார்வையில் அவர்கள் ஆளும் காலனி அரசின் ஆட்கள். இருந்தாலும் 1954-ல் இந்தோசீனாவில் பிரெஞ்சு ஆட்சி முடிந்தபோது இவர்களுக்குத் தேர்ந்தெடுக்க ஓர் இடம் இருந்தது. பலர் பிரான்சுக்குப் போனார்கள், சிலர் புதுச்சேரிக்குத் திரும்பினார்கள். புதுச்சேரியில் இன்றும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இருப்பது இந்த வரலாற்றின் மிச்சம்.

துண்டுச் சீட்டும் 1948-ம்

இதற்கு நேர்மாறான கதை இலங்கையில் நடந்தது. அங்கே தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழர்களைக் கொண்டுபோனது கங்காணி முறை. கப்பல் செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் தொழிலாளி பெயரில் கடனாக ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் பழைய தோட்டத்தின் ‘துண்டு’ வேண்டும். இவருடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவரை விடுகிறோம் என்று எழுதிய சீட்டு அது. புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் மட்டும் தொழிலாளியோடு கூடவே போகும். இந்தத் துண்டு முறை 1921-ல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

ஆனால் பெரிய அடி பின்னால் வந்தது. ஓமந்தூரார் சென்னை மாகாண முதல்வராக இருந்த அதே 1948-ல், சுதந்திரம் பெற்ற இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. இரண்டு மூன்று தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது கணக்கில் இருந்தவர்கள் 9,75,000 பேர். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்று பங்கு பிரித்தார்கள்.

சைகோன் குமாஸ்தாவையும் மலையகத் தொழிலாளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். இருவரும் கடல் கடந்து உழைத்தவர்கள். காலனி ஆட்சி முடிந்தபோது இருவருக்கும் சிக்கல் வந்தது. ஒருவரிடம் தம் பெயரில் ஒரு தாள் இருந்தது. மற்றவரிடம் தோட்டத்துப் பதிவேட்டில் ஒரு பெயர் மட்டும்தான் இருந்தது.

‘திறமையான ஆள்’ – 1922-லேயே

திறமையான ஆட்களை வெளிநாட்டு முதலாளி அழைத்துக்கொள்வது பற்றிய சட்டம் கம்ப்யூட்டர் காலத்தில்தான் வந்தது என்று தோன்றும். உண்மையில் 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்திலேயே ‘திறன் உள்ள வேலை’ என்பதற்குத் தனி இடம் இருந்தது. கைவினைஞர், குமாஸ்தா, கடை உதவியாளர், பொருட்காட்சியிலோ கேளிக்கையிலோ வேலை பார்ப்பவர், ஹோட்டல், டீக்கடை ஊழியர், வீட்டு வேலைக்காரர் எல்லாம் அதில் அடக்கம். இவர்களை வெளிநாட்டுக்கு அழைத்துப்போக விரும்புபவர் முதலில் அரசிடம் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். வேலையின் நிபந்தனைகளைக் காட்ட வேண்டும்.

1983-ல் புதிய குடிபெயர்வுச் சட்டம் வந்தது. வளைகுடா நாடுகளுக்கு ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கூலிக் கப்பல் காலத்திலிருந்தே இருந்த ‘புரொடெக்டர் ஆஃப் எமிகிரன்ட்ஸ்’, அதாவது குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற பதவி இந்தச் சட்டத்திலும் தொடர்ந்தது. சென்னையிலும் அந்த அலுவலகம் உண்டு. ஆனால் பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு அந்த அனுமதி முத்திரை தேவையில்லை என்று ஆனது. படித்தவர் தம்மைத் தாமே பார்த்துக்கொள்வார் என்பது இதன் பின்னால் உள்ள நம்பிக்கை. ஒரு கொத்தனார் ஏமாற்றப்பட்டால் போய் நிற்க ஒரு கதவாவது இருக்கிறது. ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர் ஏமாற்றப்பட்டால் அந்தக் கதவு அவருக்கானது அல்ல.

எச்-1பி எப்படி வந்தது

அமெரிக்காவின் 1952-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ‘எச்-1’ என்ற தற்காலிக வேலை விசாவை உருவாக்கியது. சிறப்புத் தகுதியும் திறமையும் உள்ளவர்களுக்கானது என்று அப்போது சொல்லப்பட்டது. 1990-ல் வந்த சட்டம் இதை மாற்றி ‘எச்-1பி’ ஆக்கியது. குறைந்தது ஒரு பட்டப் படிப்பு தேவைப்படும் வேலையாக இருக்க வேண்டும். முதலில் மூன்று வருடம், பிறகு நீட்டித்து மொத்தம் ஆறு வருடம். வருடத்துக்கு 65,000 பேர் என்று உச்சவரம்பு.

இது நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வேலை தேடுபவர் தாமாக அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய் இந்த விசாவைக் கேட்க முடியாது. அமெரிக்க நிறுவனம் முதலில் அந்நாட்டுத் தொழிலாளர் துறையிடம் இந்த வேலைக்கு அந்த வட்டாரத்தில் நிலவும் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுப்பேன் என்று உறுதி தர வேண்டும். பிறகு குடியேற்றத் துறையிடம் மனுப் போட வேண்டும். அந்த மனுவில் ‘மனுதாரர்’ என்ற இடத்தில் கம்பெனியின் பெயர். வேலைக்குப் போகிறவரின் பெயர் ‘பயனாளி’ என்ற இடத்தில். அனுமதி கொடுப்பது அமெரிக்க அரசு, கேட்பது கம்பெனி, அனுபவிப்பது இவர். கேட்டவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அனுமதியும் போய்விடும்.

1990-களின் இறுதியில் ஒய்2கே பிரச்சினை வந்தது. 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது பழைய கம்ப்யூட்டர் நிரல்கள் தேதியைத் தப்பாகப் படித்துவிடும் என்ற பயம். பழைய நிரல்களைத் திருத்த ஆயிரக்கணக்கான புரோகிராமர்கள் தேவைப்பட்டார்கள். தமிழ்நாட்டின் இன்ஜினியரிங் கல்லூரிகள் பெருகிக்கொண்டிருந்த நேரமும் அதுதான். அமெரிக்கா 1998-ல் உச்சவரம்பை 1,15,000 ஆகவும், 2000-ல் மூன்று வருடங்களுக்கு 1,95,000 ஆகவும் உயர்த்தியது. பிறகு 2004-ல் மறுபடி 65,000 ஆனது. அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்தவர்களுக்குத் தனியாக 20,000 சேர்க்கப்பட்டது. சமீப வருடங்களில் அனுமதி பெறும் மனுக்களில் 70 சதவீதத்துக்கும் மேல் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு உரியவை.

பெஞ்ச், 60 நாள், கிரீன் கார்டு

ஒய்2கே வேலை முடிந்தது. 2000-2001-ல் டாட்காம் கம்பெனிகள் சரிந்தன. அதுவரை கையில் புராஜெக்ட் இல்லாதவர்களைச் சில கன்சல்டன்ஸிகள் ‘பெஞ்ச்’சில் உட்காரவைத்துச் சம்பளம் தராமல் இழுத்தடித்தன. 1998-ஆம் ஆண்டின் சட்டம் இதைத் தடை செய்திருந்தது. வேலை இல்லாவிட்டாலும் சம்பளம் கொடுத்தாக வேண்டும், முன்கூட்டியே வேலையை விட்டால் அபராதம் போடக் கூடாது என்பது விதி. ஆனால் புகார் கொடுத்தால் கம்பெனி விசாவை ரத்து செய்துவிடுமோ என்ற பயத்தில் இருப்பவர் எப்படிப் புகார் கொடுப்பார்? சட்டத்தில் உரிமை இருந்தது. அதைக் கேட்கும் தைரியத்தை விசாவின் அமைப்பே பறித்தது.

2000-ல் வந்த இன்னொரு சட்டம் நிலைமையைக் கொஞ்சம் இளக்கியது. புதிய கம்பெனி மனுப் போட்டாலே போதும், அனுமதி வரும்வரை காத்திருக்காமல் அங்கே வேலையில் சேரலாம். பாலசுந்தரத்தின் காலத்தோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய முன்னேற்றம். ஆனாலும் புதிய முதலாளி கிடைக்கும்வரை என்ன செய்வது? பல வருடங்கள் இதற்கு முறையான அவகாசமே இல்லை. வேலை போன மறுநாளே அந்தஸ்து போய்விடும். 2017 ஜனவரியில்தான் 60 நாள் அவகாசம் விதியாக வந்தது. 2022-23-ல் பெரிய தொழில்நுட்பக் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குறைத்தபோது, வீட்டுக் கடனும் பள்ளியில் பிள்ளைகளும் வைத்திருந்த குடும்பங்கள் நாட்காட்டியைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தது இந்த 60 நாட்களைத்தான்.

இதிலிருந்து வெளியே வர ஒரே வழி கிரீன் கார்டு. அது வந்தால் அனுமதி அவர் பெயருக்கு மாறிவிடும். ஆனால் வேலை அடிப்படையில் தரப்படும் கிரீன் கார்டுகள் வருடத்துக்குச் சுமார் 1,40,000. அதில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. சிறிய நாட்டுக்கும் 7, இந்தியாவுக்கும் 7. விளைவாக இந்தியர்களின் வரிசை பத்தாண்டுகளுக்கும் மேல் நீண்டுவிட்டது. ஆறு வருடம் முடிந்தாலும் வரிசையில் இருப்பவர் விசாவை நீட்டித்துக்கொள்ளலாம். அதாவது, தற்காலிக விசா என்ற பெயரில் பதினைந்து, இருபது வருடங்கள். கணவன் அல்லது மனைவி எச்-4 விசாவில் இருந்தால் 2015 வரை வேலைக்கே போக முடியாது. அதற்குப் பிறகும் கிரீன் கார்டு நடைமுறையில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியவர்களின் துணைக்கு மட்டும்தான் அனுமதி. சின்னக் குழந்தையாக அங்கே போன பிள்ளை 21 வயதைத் தொட்டால் பெற்றோரின் விசாவைச் சார்ந்து இருக்க முடியாது. தனக்கென ஒரு விசா தேட வேண்டும்.

2025 செப்டம்பர் 19-ஆம் தேதி அமெரிக்க அதிபர் ஓர் அறிவிப்பில் கையெழுத்திட்டார். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம், முதலில் 12 மாதங்களுக்கு என்று அதில் இருந்தது. யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று தெளிவாவதற்குள் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த பலர் அவசர அவசரமாக டிக்கெட் வாங்கித் திரும்பினார்கள். ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இது இல்லை என்று பிறகு விளக்கம் வந்தது. அந்த இரண்டு நாள் பதற்றம் ஒன்றைக் காட்டிவிட்டது. நல்ல சம்பளம், சொந்த வீடு, கார் எல்லாம் இருக்கலாம். காலடியில் இருக்கும் தரை மட்டும் சொந்தமில்லை.

வேறு வழி இல்லையா?

இருக்கிறது என்பதைச் சில நாடுகள் காட்டுகின்றன. கனடா 1967-லேயே படிப்பு, அனுபவம், மொழி இவற்றுக்கு மதிப்பெண் போட்டு ஆட்களை எடுக்கும் முறையைத் தொடங்கியது. 2015-ல் அது எக்ஸ்பிரஸ் என்ட்ரி ஆனது. இதில் போகிறவர் நிரந்தரக் குடியிருப்பாளராகவே போக முடியும். அனுமதி அவர் பெயரில். ஆஸ்திரேலியாவில் கம்பெனி ஸ்பான்சர் செய்யும் விசாவில் வேலை போனால் 60 நாட்களுக்குள் அடுத்த ஸ்பான்சரைத் தேட வேண்டும் என்று இருந்தது. 2024 ஜூலையிலிருந்து அதை 180 நாட்களாக ஆக்கினார்கள். கத்தார் நாடு 2020-ல், பழைய முதலாளியின் என்.ஓ.சி. இல்லாமலே வேறு வேலைக்கு மாறலாம் என்று சட்டத்தைத் திருத்தியது.

முதலாளிகள் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. மனுச் செலவும் வக்கீல் செலவும் செய்து ஓர் ஆளைக் கொண்டுவந்தால் அவர் மறுநாளே வேறு இடத்துக்குப் போய்விடக் கூடாது அல்லவா என்பது அது. இலங்கைத் தோட்டத்துரைகளும் கங்காணிகளும் துண்டுச் சீட்டுக்குச் சொன்ன நியாயமும் ஏறத்தாழ இதுவேதான். செலவை ஈடுகட்ட வேறு வழிகள் உண்டு. ஒரு மனிதர் ஒரு நாட்டில் இருக்கலாமா கூடாதா என்பதை அந்தச் செலவோடு முடிச்சுப் போட்டதுதான் தவறு.

நேட்டாலுக்குப் போனவருக்கும் நியூஜெர்சிக்குப் போகிறவருக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. இன்று வேலையை விடுவது குற்றமில்லை. சிறை இல்லை, அடி இல்லை. பிடிக்கவில்லை என்றால் டிக்கெட் எடுத்து ஊருக்குத் திரும்பிவிடலாம். ஆனால் இந்த முன்னேற்றங்கள் எதுவும் தானாக வந்துவிடவில்லை. பாலசுந்தரம் வாயில் ரத்தத்தோடு போய் நின்றார், சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவிழ்ந்த ஒவ்வொரு முடிச்சுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் கேள்வி கேட்டிருக்கிறார்.

ஆகவே வெளிநாட்டு வேலைக்கான ஆஃபர் லெட்டர் கையில் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது சம்பளத் தொகையை மட்டும் அல்ல. வேலை போனால் எத்தனை நாள் தங்கலாம், கம்பெனி மாறினால் என்ன ஆகும், துணைக்கு வேலை அனுமதி உண்டா, எத்தனை வருடத்தில் அனுமதி தன் பெயருக்கு மாறும் என்ற கேள்விகளையும் கேட்க வேண்டும். புதுச்சேரித் துறைமுகத்தில் கைநாட்டு வைத்தவர்களுக்கு அந்தத் தாளைப் படிக்கத் தெரியாது, படித்துச் சொல்லவும் ஆள் இல்லை. ஓமந்தூர் வழியாக அதே சாலையில் இன்று கல்லூரிப் பேருந்தில் போகிறவர்களுக்குப் படிக்கத் தெரியும்.